அத்தியட்சர் அசரியாவும் ஒரு சிறு சபையின் துணைவிதிகளும்

புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி செல்லும் சாலையை ஒட்டி, தகரக் கூரை வேய்ந்த சிறிய ஆலயம் ஒன்று இருக்கிறது. எந்தப் பெரிய திருச்சபையையும் சேராத தனிச் சபை அது. ஏறத்தாழ அறுபது குடும்பங்கள். பெரும்பாலோர் சிறு விவசாயிகள், கட்டடத் தொழிலாளர்கள். கடந்த ஆண்டு, சபையைச் சங்கமாகப் பதிவு செய்ய முடிவெடுத்த அவர்கள், துணைவிதிகளைப் பார்த்துத் தரும்படி என்னிடம் வந்தார்கள். நான் அந்தச் சபையின் உறுப்பினன் அல்லன், வழக்கறிஞனும் அல்லன். கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவன். கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றி முப்பது ஆண்டுகள் வகுப்பெடுத்தவருக்கு பைலா எழுதத் தெரியாமலா இருக்கும் என்பது அவர்கள் கணக்கு.

அவர்கள் கொண்டுவந்த வரைவு பதினெட்டுப் பக்கம். ஏதோ ஒரு குடியிருப்போர் நலச் சங்கத்தின் பைலாவை எடுத்து, சங்கம் என்ற இடத்தில் சபை என்று மாற்றியிருந்தார்கள். ஓரிடத்தில் மின்தூக்கிப் பராமரிப்புக் கட்டணம் பற்றிய வரிகூட நீக்கப்படாமல் அப்படியே இருந்தது. சிரித்துவிட்டோம். ஆனால், சிரிக்க முடியாதவையும் அதில் இருந்தன. சபையின் உறுப்பினர் யார் என்பதற்கு வரையறை இல்லை. போதகரை யார் நியமிப்பது, தேவைப்பட்டால் யார் விலக்குவது என்பது இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆலயம் நிற்கும் முப்பது சென்ட் நிலத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அந்த நிலம் போதகரின் சொந்தப் பெயரில் இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு முன்பு சபையாரின் காணிக்கையில் வாங்கியது. அப்போது சபைக்குச் சட்டப்படியான உருவம் எதுவும் இல்லாததால், பத்திரம் யாராவது ஒருவர் பெயரில்தான் எழுதப்பட வேண்டியிருந்தது. போதகர் நேர்மையானவர் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அவருக்கு இப்போது எழுபத்து நான்கு வயது, இரண்டு மகன்கள். நிலத்தைப் பற்றி நான் கேட்டபோது அறையில் இருந்த எட்டுப் பேரும் தரையைப் பார்த்தார்கள். போதகர் மட்டும் என்னைப் பார்த்தார்.

அன்றிரவு அத்தியட்சர் அசரியாவின் வாழ்க்கையை மீண்டும் படிக்கத் தொடங்கினேன். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய அத்தியட்சர் என்ற ஒற்றை வரியில் அவரை நாம் அடக்கிவிடுகிறோம். பேராயர் என்று இப்போது சொல்வதையே அக்காலத்தவர் அத்தியட்சர் என்றார்கள். திருநெல்வேலிப் பக்கத்து முதியவர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். மேற்பார்வை செய்பவர் என்று பொருள்படும் அந்தச் சொல் அவருக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஒரு நிறுவனத்தை யார் நடத்துவது, யார் பணத்தில் நடத்துவது, எந்த எழுத்தை வைத்து நடத்துவது என்ற கேள்விகளோடு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மல்லுக்கட்டிய தமிழர் அவர்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874 ஆகஸ்ட் 17 அன்று, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள வெள்ளாளன்விளையில் பிறந்தார். தந்தை தாமஸ் வேதநாயகம் அவ்வூரின் குருவானவர். பனங்காட்டுக்கு நடுவே இருந்த அந்த ஊர்களில் அப்போதே பள்ளிகளும் ஆலயங்களும் உள்ளூர்க் குருக்களும் இருந்தனர். சர்ச் மிஷன் சங்கத்தின் லண்டன் செயலாளராக இருந்த ஹென்றி வென், ஒரு திருச்சபை தன் செலவைத் தானே தாங்கி, தன்னைத் தானே ஆண்டு, தானே பரவ வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே வகுத்திருந்தார். அந்தக் கொள்கைப்படி திருநெல்வேலியில் சபைச் சங்கங்களும் அமைக்கப்பட்டன. உள்ளூர்க் காணிக்கையிலிருந்து குருக்களுக்குச் சம்பளம் கொடுக்கும் பழக்கமும் வந்தது. ஆனாலும், கடைசிச் சொல் பெரும்பாலும் வெள்ளைக்கார மிஷனரியுடையதாகவே இருந்தது.

அதன் விளைவை அந்தப் பகுதி ஏற்கெனவே கண்டிருந்தது. அசரியா பிறப்பதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பு, 1857இல், நாசரேத் பகுதியில் அருமைநாயகம் என்கிற சட்டாம்பிள்ளை மிஷனரியின் அதிகாரத்தோடு மோதி, ஒரு கூட்டத்தாருடன் பிரிந்துபோய் இந்து கிறிஸ்தவ சபையைத் தோற்றுவித்தார். பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதிய ஒரு சிறு நூலில், ஒரு நிறுவனத்தில் மனக்குறை கொண்டவருக்கு இரண்டு வழிகள்தாம் உண்டு என்கிறார்: குரல் எழுப்புவது, வெளியேறுவது. குரலுக்கு விதியில் இடம் இல்லையென்றால், வெளியேறும் வாசல் ஒன்றே மிஞ்சும். மாணவர்களுக்கு இதை விளக்கும்போதெல்லாம் நான் சட்டாம்பிள்ளையைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன்.

அசரியா திருநெல்வேலியில் பள்ளிப்படிப்பை முடித்துச் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார். உடல்நலக் குறைவால் பட்டத் தேர்வை முடிக்கவில்லை. பின்னாளில், 1920இல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் அளித்தது. அதுவும் சட்டத்துறைப் பட்டம். இளங்கலை முடிக்காதவர் சட்ட முனைவரானார் என்பது, வாழ்நாளெல்லாம் தேர்வுத்தாள் திருத்திய எனக்குச் சற்று வேடிக்கையாகவே இருக்கிறது.

1895இல் ஒய்.எம்.சி.ஏ. அமைப்பின் செயலாளராகப் பணியில் சேர்ந்து, 1909 வரை தென்னிந்தியா முழுவதும் சுற்றினார். இடையில், 1898இல், அன்பு மரியம்மாளை மணந்தார். அவருடைய வாழ்க்கை வரலாற்றில் பலரும் இந்தப் பதினான்கு ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அவை முக்கியமாகப் படுகின்றன. குழு கூடுவது, தீர்மானம் எழுதுவது, வரவுசெலவைப் பொதுக்குழுவின் முன் வைப்பது, பொறுப்புக் காலம் முடிந்ததும் நாற்காலியை விட்டு எழுவது ஆகியவை அந்த அமைப்பின் அன்றாடப் பழக்கங்கள். குருவானவரின் வீட்டில் வளர்ந்த பிள்ளை, குருவானவர் இல்லாமலே கிறிஸ்தவ அமைப்பு ஒன்று நடக்க முடியும் என்பதை அங்கேதான் பார்த்திருக்க வேண்டும்.

1902இல் அவர் யாழ்ப்பாணம் சென்றார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள், குறிப்பாக மாணவர்கள், தங்கள் சொந்தப் பணத்தைத் திரட்டி, கடல் கடந்து நம் பக்கத்துத் தொண்டிக்கு ஊழியரை அனுப்பிவந்தார்கள். புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையிலிருந்து தெற்கே சிறிது தொலைவுதான் தொண்டி. வெளிநாட்டுச் சங்கம் எதன் கையையும் பாராமல் யாழ்ப்பாணத்தார் இதைச் செய்ய முடியுமானால், அவர்களைவிட எண்ணிக்கையில் மிகுந்த திருநெல்வேலியார் ஏன் செய்யவில்லை என்ற கேள்வி அசரியாவைக் கூச வைத்தது. ஊர் திரும்பியதும் அவர் நண்பர்களோடு அமர்ந்து பேசியதன் விளைவாக, 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது.

அந்தச் சங்கத்தின் அடிப்படை விதி எளிமையானது. ஊழியர் இந்தியர், பணம் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியருடையது. மூன்றில் ஒன்றை விட்டாலும் மற்ற இரண்டும் நிற்காது என்பதை அவர் புரிந்துகொண்டிருந்தார். பணம் வெளியிலிருந்து வந்தால் நிர்வாகமும் அதன் பின்னாலேயே வரும். இதைப் பொருளாதாரப் பாடத்தில் நாங்கள் பல சமன்பாடுகளுடன் சொல்வோம். அவர் ஒரே விதியில் எழுதிவிட்டார். சங்கம் தேர்ந்துகொண்ட பணித்தளம் தமிழ்நாட்டுக்கு வெளியே, நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்ணக்கல். பேசும் மொழி தெலுங்கு. ஆட்சி இஸ்லாமிய மன்னருடையது. மக்களில் பெரும்பாலோர் மாலர், மாதிகர் எனப்பட்ட ஒடுக்கப்பட்ட உழைப்பாளிகள். 1905 டிசம்பர் 25 அன்று, வங்காளத்தின் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் தொடங்கப்பட்டபோது, அதன் பொதுச் செயலாளர் பொறுப்பும் அவரிடமே வந்தது. அதற்கும் அதே விதிதான் அடித்தளம். இந்திய தேசிய காங்கிரஸ் சுதேசி பேசிக்கொண்டிருந்த ஆண்டு அது என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

1909இல் குருப்பட்டம் பெற்று, தான் அனுப்பிய ஊழியர்கள் இருந்த தோர்ணக்கல்லுக்கே குடும்பத்துடன் சென்றார். அடுத்த ஆண்டு எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் அவர் ஆற்றிய உரையைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. மிஷனரிகளின் தியாகத்தை ஒப்புக்கொண்டு, ஆனால் இந்தியரோடு ஒரே மேசையில் அமர்ந்து உண்ணும் நட்பு அவர்களிடம் இல்லையே என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்ன உரை அது. அவையில் பலர் சினந்தார்கள். நட்பைக் கேட்டவர் என்றே அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எழுதுகிறார்கள். நட்பு வேண்டும்தான். ஆனால், அவர் நட்பை நம்பி மட்டும் இருந்துவிடவில்லை என்பதைப் பிற்பகுதி வாழ்க்கை காட்டுகிறது. நல்ல மிஷனரி இருக்கும்வரை நட்பு இருக்கும். அவர் மாற்றலாகிப் போனால் அதுவும் போய்விடும். விதியோ ஆள் மாறினாலும் அலமாரியில் இருக்கும்.

1912 டிசம்பர் 29 அன்று, கல்கத்தாவின் புனித பவுல் பேராலயத்தில் அவர் அத்தியட்சராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். சென்னை அத்தியட்சர் ஹென்றி வைட்ஹெட் இதற்காகப் பெரிதும் முயன்றார். எதிர்ப்பு ஐரோப்பியரிடமிருந்து மட்டும் வரவில்லை. சாதிக் கண்ணோட்டத்தில் நம்மவர் சிலரும் எதிர்த்தார்கள். சட்டச் சிக்கலும் இருந்தது. அன்றைய ஆங்கிலிக்கன் சபை இங்கிலாந்துத் திருச்சபையின் ஒரு கிளை. 1813ஆம் ஆண்டின் பட்டயச் சட்டத்தின்படி கல்கத்தாவில் அத்தியட்சர் ஆசனம் ஏற்பட்ட காலம்தொட்டு, இந்தியாவின் முக்கிய ஆசனங்களுக்கு மன்னரின் ஆணைப்பத்திரம் தேவைப்பட்டது. கல்கத்தா, சென்னை, பம்பாய் அத்தியட்சர்களுக்கு அரசுக் கருவூலத்திலிருந்து சம்பளம் சென்றது. அசரியா அரசுச் சம்பளம் பெறாதவர். தொடக்கத்தில் சென்னை அத்தியட்சரின் உதவி அத்தியட்சர் என்ற நிலையில், தோர்ணக்கல்லின் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னரே அது முழுமையான திருமண்டலமாக விரிந்து, ஆந்திரக் கடலோரப் பகுதிகளையும் உள்ளடக்கியது.

தோர்ணக்கல்லில் அவர் செய்த பணியை எண்ணிக்கையில் சொல்வது எளிது. 1930களின் நடுப்பகுதியில் அங்கே சுமார் 250 இந்தியக் குருக்களும், 2,000க்கும் மேற்பட்ட கிராம ஆசிரியர்களும் இருந்தார்கள். சபையார் இரண்டு லட்சத்தை எட்டினர். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அவர் பணத்தைக் கையாண்ட விதம். கூலியாகத் தானியம் பெறும் மக்களிடம் ரூபாயில் காணிக்கை கேட்க முடியாது. ஆகவே, உலையில் இடும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைப்பது, அறுப்புத் திருவிழாவில் தானியமும் கோழியும் ஆடும் கொண்டுவருவது என்று, அவர்களால் முடிந்த வடிவில் கொடுக்கும் பழக்கத்தை வளர்த்தார். கிறிஸ்தவக் கொடையைப் பற்றித் தனி நூலே எழுதினார். கொடுப்பவனுக்கு மட்டுமே கேட்கும் துணிவு வரும். ஒரு பிடி அரிசி போட்ட பெண், குருவானவரின் சம்பளத்தைப் பற்றிக் கூட்டத்தில் கேள்வி கேட்கும் உரிமை உடையவள் ஆகிறாள். ஏழைகளிடம் வாங்குவதா என்று இரக்கப்பட்டவர்களுக்கு இந்தக் கணக்குப் புரியவில்லை.

அவருடைய வாழ்வில் நான் அதிகமாக நின்று பார்க்கும் இடம் தரங்கம்பாடி. புதுக்கோட்டைக்காரர்கள் சுற்றுலாவாகப் போய்வரும் அதே ஊர்தான். 1706இல் சீகன்பால்கு வந்து இறங்கிய கரை. 1919 மே 1, 2 ஆகிய நாள்களில் அங்கே 33 பேர் கூடினார்கள். சிலர் ஆங்கிலிக்கன் சபையார். மற்றவர்கள் பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் இணைந்து 1908இல் உருவாகியிருந்த தென்னிந்திய ஐக்கியத் திருச்சபையார். இருவரைத் தவிர எல்லோரும் இந்தியர். அந்த இருவர் அமெரிக்கரான ஷெர்வுட் எடியும் ஆங்கிலேயரான எச்.ஏ. பாப்லியும். திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்த, கர்நாடக இசையை முறையாகக் கற்ற பாப்லிதான் அவர். கூட்டத்துக்கு அசரியா தலைமை வகித்தார்.

ஐரோப்பாவில் நடந்த சண்டைகளால் பிரிந்த சபைகளின் பெயர்ப்பலகைகளை நாம் ஏன் இங்கே சுமக்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. ஒரே ஊரில் ஒருவர் ஆங்கிலிக்கன், பக்கத்துத் தெருவில் இன்னொருவர் காங்கிரிகேஷனலிஸ்ட் என்பது, எந்த மிஷன் எந்த மாவட்டத்தைப் பங்குபோட்டுக்கொண்டது என்பதால் வந்த விபத்து. எல்லோரும் ஒன்று சேரலாம் என்று சொல்வது எளிது. எந்த ஆட்சிமுறையின் கீழ் சேர்வது? அத்தியட்சர் ஆள்வதா, மூப்பர் மன்றம் ஆள்வதா, சபையார் அனைவரும் கூடி ஆள்வதா? மூன்றுக்காகவும் ஐரோப்பாவில் இரத்தம் சிந்தியிருக்கிறார்கள்.

தரங்கம்பாடி அறிக்கை இதில் ஒன்றைத் தேர்ந்து மற்றதைத் தள்ளவில்லை. மூன்றும் திருச்சபைக்குத் தேவை என்றது. ஒவ்வொரு உறுப்பினரும் இறைவனை நேரடியாக அணுகக்கூடியவர். ஆகவே சபையார் அனைவருக்கும் உரிய இடம் ஒன்று. அவர்கள் அனுப்பும் பிரதிநிதிகள் கூடி ஒழுங்கோடு முடிவெடுக்கும் மன்றம் இரண்டாவது. அனைவரின் சார்பில் செயலாற்றும் நிர்வாகத் தலைமையாகிய அத்தியட்சர் மூன்றாவது. ஆனால், அந்த அத்தியட்சர் விதிகளுக்குக் கட்டுப்பட்டவர். நமக்குப் பழக்கமான சொற்களில் சொன்னால் பொதுக்குழு, செயற்குழு, தலைவர். இன்றைய எந்தச் சங்கத்தின் துணைவிதியைப் புரட்டினாலும் இந்த மூன்றும் இருக்கும். வேறுபாடு ஒன்றுதான். அத்தியட்சராக இருந்த ஒருவரே தலைமை வகித்து, அத்தியட்சரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டும் அறிக்கையில் கையெழுத்திட்டார். மேலே இருப்பவர் தன் கையைத் தானே கட்டிக்கொள்ள ஒப்புக்கொள்ளும் காட்சி, நான் படித்த நிறுவன வரலாறுகளில் மிக அரிது.

அதே 1919 ஜனவரி 14 அன்று லுத்தரன் சபைகள் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாகத் தனி அமைப்புப் பெற்றிருந்தன. புதுக்கோட்டை வட்டாரத்தில் பலருக்கும் தெரிந்த திருச்சபை அது. பின்னர் நடந்த இணைப்பில் அது சேரவில்லை. அதற்கான காரணங்கள் தனிக் கட்டுரைக்கு உரியவை.

தரங்கம்பாடியில் இரண்டு நாளில் எழுதியதைச் சட்ட வடிவமாக்க இருபத்தெட்டு ஆண்டுகள் பிடித்தன. 1920இல் இணைப்புக் குழு அமைந்தது. 1925இல் வெஸ்லியன் மெதடிஸ்டுகளும் வந்து சேர்ந்தார்கள். 1929இல் இணைப்புத் திட்டத்தின் முதல் வரைவு அச்சாகியது. அதற்குள் இன்னொரு கட்டும் அவிழ வேண்டியிருந்தது. இங்கிலாந்துச் சட்டத்தால் கட்டப்பட்ட ஒரு சபை, இங்கிலாந்து நாடாளுமன்றத்தைக் கேட்காமல் யாரோடும் இணைய முடியாது. 1927இல் அந்நாட்டு நாடாளுமன்றம் இந்தியத் திருச்சபைச் சட்டத்தை நிறைவேற்றியது. 1930 மார்ச் 1 முதல் இந்தியா, பர்மா, இலங்கைத் திருச்சபை தன் சொந்த அமைப்புச் சட்டத்தின் கீழ் இயங்கத் தொடங்கியது. இந்தியா விடுதலை பெறுவதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்னதாகவே இங்கே ஒரு நிறுவனம் நாடாளுமன்றத்தின் பிடியிலிருந்து சட்டப்படி விடுபட்டிருக்கிறது. நம் வரலாற்றுப் பாடநூல்கள் இதைப் பேசுவதில்லை.

இணைப்பு வரைவு பலமுறை திருத்தப்பட்டது. எந்த மரபில் குருப்பட்டம் பெற்றவர் எந்தச் சபையில் திருவிருந்து நடத்தலாம் என்பதுதான் ஓயாத சச்சரவு. இறுதியில் ஏற்பட்ட தீர்வு ஓர் உறுதிமொழி. சபையாரின் மனச்சாட்சிக்கு ஒவ்வாத குருவானவரை அவர்கள் மேல் திணிப்பதில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து இதை மீண்டும் ஆராய்வது. முப்பது ஆண்டுகளில் பழைய தலைமுறை போய், புதிய தலைமுறை ஒரே மரபில் வளர்ந்திருக்கும் என்பது கணக்கு. தீர்க்க முடியாத சிக்கலை உடைக்காமல், காலத்திடம் ஒப்படைத்து, அதற்கும் ஒரு தேதி குறித்தார்கள். துணைவிதி எழுதுகிறவர்கள் இந்த உத்தியைக் கற்க வேண்டும்.

அசரியா குறையற்றவர் அல்லர். திருநெல்வேலிச் சங்கத்துக்கு அவர் எழுதிய கண்டிப்பான விதியைத் தோர்ணக்கல் திருமண்டலம் முழுவதற்கும் அவரால் கடைப்பிடிக்க முடியவில்லை. பள்ளிகளுக்கும் மருத்துவப் பணிக்கும் வெளிநாட்டுச் சங்கங்களின் நிதி தொடர்ந்து வந்தது. பிடியரிசியால் குருவானவருக்குச் சோறு போடலாம். இரண்டாயிரம் ஆசிரியர்களின் சம்பளத்தை முழுவதுமாகத் தாங்க முடியாது. இதை அவருடைய தோல்வி என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனால், வறியவர்கள் நிறைந்த அமைப்பில் தற்சார்பு என்ற விதி எங்கே முட்டுகிறது என்பதை அது காட்டுகிறது. கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டும் என்ற கோரிக்கையையும் அவர் ஏற்கவில்லை. திருச்சபை அரசியல் சாதியாக உருமாறிவிடும் என்று அஞ்சினார். அதே வேளையில், மதமாற்றம் பற்றிக் காந்தியடிகளோடு அவருக்கு ஏற்பட்ட முரண்பாடும் இறுதிவரை தீரவில்லை.

1945 ஜனவரி 1 அன்று, எழுபதாம் வயதில், தோர்ணக்கல்லில் அவர் மறைந்தார். 1939 ஜனவரி 6 அன்று திருநிலைப்படுத்தப்பட்ட, கோயில், மசூதி, தேவாலயக் கட்டடக் கலைகள் கலந்த அவருடைய பேராலயம் அங்கே நிற்கிறது. அவர் இறந்த அதே மாதத்தில்தான் இந்தியா, பர்மா, இலங்கைத் திருச்சபையின் பொது மன்றம் இணைப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானது. அத்தியட்சர் மரபுள்ள சபையும் அது இல்லாத சபைகளும் ஒன்றாக இணைந்தது அதுவே முதல்முறை என்று உலகக் கிறிஸ்தவர்கள் வியந்தார்கள். புதுக்கோட்டைப் பகுதியில் உள்ள அதன் சபைகள் இன்று திருச்சி-தஞ்சைத் திருமண்டலத்தைச் சேர்ந்தவை.

அந்த விழாவைப் பற்றிப் பேசுவோர் அதற்கு முந்தைய நாளைப் பற்றிப் பேசுவதில்லை. 1947 செப்டம்பர் 26 அன்று, 1913ஆம் ஆண்டின் இந்தியக் கம்பெனிகள் சட்டத்தின் கீழ், லாப நோக்கமற்ற அமைப்பாகத் தென்னிந்தியத் திருச்சபை டிரஸ்ட் அசோசியேஷன் பதிவு செய்யப்பட்டது. ஆலயங்கள், பள்ளிகள், மருத்துவமனைகள், கல்லறைத் தோட்டங்கள் என்று வெளிநாட்டு மிஷன்களின் பெயரில் இருந்த சொத்துகளைப் பெற்று வைத்துக்கொள்ள, சாகாத ஒரு சட்ட உருவம் தேவைப்பட்டது. துதிப்பாடல் பாடுவதற்கு ஒரு நாள் முன்பே பத்திரத்துக்குரிய வேலையை முடித்துவிட்டார்கள்.

இவ்வளவு எழுதிய பிறகும் அத்திருச்சபையின் பல திருமண்டலங்களில் தேர்தல் தகராறுகளும் நில வழக்குகளும் உயர் நீதிமன்றம்வரை போயிருக்கின்றன. ஓய்வுபெற்ற நீதிபதிகளை வைத்துத் தேர்தல் நடத்தும் நிலையும் வந்திருக்கிறது. அப்படியானால் விதி எழுதி என்ன பயன் என்று அறந்தாங்கிச் சாலைச் சபையின் இளம் செயலாளர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. விதி இருப்பதால்தான் நீதிமன்றத்தால் எது மீறப்பட்டது என்று சொல்ல முடிகிறது என்றேன். விதியே இல்லாத சபையில் வழக்கு நடக்காது. பூட்டு உடைப்புதான் நடக்கும்.

அடுத்த மூன்று வாரங்களில் அவர்களுடைய வரைவைப் பதினெட்டுப் பக்கத்திலிருந்து ஒன்பது பக்கமாக்கினோம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 கேட்பது அதிகமில்லை. குறைந்தது ஏழு பேர், மூன்று பேருக்குக் குறையாத நிர்வாகக் குழு, மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாத பொறுப்புக் காலம், ஆண்டுதோறும் பொதுக்குழு, மாவட்டப் பதிவாளருக்குக் கணக்கு. மின்தூக்கி வரியை நீக்கினோம். திருமுழுக்குப் பெற்று ஓராண்டு சபையில் இருந்தவர் உறுப்பினர் என்றோம். மாதம் எவ்வளவு கொடுத்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு. பிடியரிசி கொடுப்பவருக்கும் அதே ஒன்று. நிர்வாகக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்பதைப் பெண்களே எழுந்து கேட்டு வாங்கினார்கள். ஒரே குடும்பத்திலிருந்து இருவர் குழுவில் இருக்கக் கூடாது என்ற விதிக்குத்தான் விவாதம் நீண்டது; போதகரின் மூத்த மகன் அப்போது பொருளாளராக இருந்தார். அவரே எழுந்து, அது இருக்கட்டும் என்றார்.

நிலத்தைப் பற்றிய ஏழாவது விதிக்கு வந்தபோது அசரியாவின் கதையைச் சொன்னேன். தரங்கம்பாடியையும் செப்டம்பர் 26ஆம் தேதியையும் சொன்னேன். நீண்ட விரிவுரையாகிவிட்டது என்பது பின்வரிசையில் இருந்தவர்களின் முகத்தில் தெரிந்தது. போதகர் மட்டும் கடைசிவரை கேட்டார். கேட்டுவிட்டு, தானப் பத்திரமாக எழுதினால் முத்திரைத்தாள் செலவு என்ன ஆகும், அதைச் சபை தாங்குமா, நான் ஏற்க வேண்டுமா என்று கேட்டார். வழக்கறிஞரிடம் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னேன். வீட்டில் ஒருமுறை படித்துக்காட்ட வேண்டும் என்று சொல்லி, ஒன்பது பக்கத்தையும் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஏழாவது விதியின் கீழ் சர்வே எண் எழுதவேண்டிய இடம் இன்னும் காலியாக இருக்கிறது. பொங்கல் கழிந்த முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் மறுபடி கூடுகிறார்கள். என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.